பயந்தவர்கள் உள்ளே, நம்பியவர்கள் வெளியே

2025 மே மாதம் ஒரு ராத்திரி ரீடிங்கிலிருந்து நண்பன் கூப்பிட்டான். கல்லூரியில் என் ஹாஸ்டல் அறைத் தோழன். இங்கிலாந்து போய் மூன்றரை வருஷம் ஆகிறது. எப்போது பேசினாலும் முதலில் அந்த ஊர் மழையைத் திட்டுவான், அப்புறம் மகளின் பள்ளிக்கூடம், கடைசியில்தான் வேலைக் கதை. அன்று நேராக விஷயத்துக்கு வந்துவிட்டான்.

“மச்சான், அஞ்சு வருஷம் இருந்தா பர்மனென்ட்னு சொல்லித்தானே வந்தேன். இப்ப பத்துங்கிறாங்க. நான் வந்தப்ப இருந்த ரூல் எனக்குச் செல்லுமா, செல்லாதா?”

அந்த வாரம்தான் கியர் ஸ்டார்மரின் தொழிற்கட்சி அரசு, குடியேற்றம் பற்றிய வெள்ளை அறிக்கையை வெளியிட்டிருந்தது. நிரந்தர வசிப்புரிமை கேட்பதற்கான ஐந்து ஆண்டுக் காத்திருப்பைப் பொதுவாகப் பத்தாக்கலாம் என்பது அதில் ஒரு முன்மொழிவு. ஏற்கெனவே உள்ளே வந்து நாள் எண்ணிக்கொண்டிருப்பவர்களின் கதி என்ன என்பது தெளிவாக இல்லை. நவம்பரில் வந்த கலந்தாய்வு ஆவணம்தான், இன்னும் வசிப்புரிமை கிடைக்காதவர்களுக்கும் புது விதியைப் பொருத்தும் எண்ணத்தைச் சொன்னது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் முறையான விசாவோடு பிரிட்டனில் வசித்தால், அந்த நாட்டுப் பொதுத்தேர்தலில் ஓட்டுப் போடலாம். 2024 ஜூலையில் அவனும் போட்டிருந்தான். யாருக்கு என்று நான் கேட்கவில்லை, குரலிலேயே தெரிந்தது.

என் தொழிலில் இந்த மாதிரி விஷயங்களுக்கு ஒரு சம்பிரதாயம் வைத்திருக்கிறோம். ஒரு மென்பொருளின் பழைய வெர்ஷனை நம்பி ஆயிரம் பேர் தங்கள் நிரலை எழுதியிருந்தால், அதை ஒரே ராத்திரியில் மாற்றிவிட மாட்டோம். முதலில் அறிவிப்பு, அப்புறம் அவகாசம், பழையவர்களுக்குப் பழைய வழி கொஞ்ச காலம் திறந்திருக்கும். அரசாங்கமும் அப்படித்தான் நடந்துகொள்ளும் என்று நமக்குள் ஒரு எண்ணம் இருக்கிறது. அதுவும் பிரிட்டன் என்றால் சொல்லவே வேண்டாம். சட்டத்தின் ஆட்சி, கொடுத்த வாக்கு என்றெல்லாம் பள்ளிப் பாடத்திலேயே படித்துவிட்டோம்.

அவனுக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் அதே கேள்வியை 57 வருஷத்துக்கு முன்னால் ஒரு சமூகமே கேட்டிருக்கிறது. அவர்கள் விசாவில் இருந்தவர்கள் இல்லை. கையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டே வைத்திருந்தார்கள். லண்டனிலிருந்து சுமார் ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி, நைரோபியில் உட்கார்ந்துகொண்டு, வெஸ்ட்மின்ஸ்டர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தினமும் செய்தித்தாளைப் பார்த்தார்கள். அன்றும் ஆட்சியில் இருந்தது தொழிற்கட்சிதான்.

*

கென்யாவுக்கு இந்தியர்கள் எப்படிப் போனார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். குஜராத்தி வணிகர்கள் கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரைக்குப் பல நூற்றாண்டுகளாகப் பாய்க்கப்பலில் போய்வந்தவர்கள்தான். ஆனால் உள்நாட்டுக்குள் பெரிய கூட்டமாகக் கொண்டுபோனது ரயில். 1896இல் மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரை பாதை போட ஆரம்பித்தது பிரிட்டிஷ் அரசு. அதற்காக இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, சுமார் 32,000 தொழிலாளர்களை ஒப்பந்தத்தில் ஏற்றிக்கொண்டுபோனார்கள். 1901இல் தண்டவாளம் ஏரிக்கரையைத் தொட்டபோது அவர்களில் ஏறத்தாழ 2,500 பேர் உயிரோடு இல்லை. ஒப்பந்தம் முடிந்து பெரும்பாலோர் ஊர் திரும்பினார்கள். ஏழாயிரத்துக்கும் குறைவானவர்களே அங்கேயே தங்கினார்கள்.

ரயில் போன வழியெல்லாம் கடை வந்தது. குஜராத்திலிருந்து வியாபாரிகள், கோவாவிலிருந்து குமாஸ்தாக்கள், பஞ்சாபிலிருந்து தச்சர்களும் மெக்கானிக்குகளும் வந்தார்கள். சிறு கடைக்கு ஸ்வாஹிலியில் இன்றும் ‘டூக்கா’ என்றுதான் பெயர், நம்மூர் ‘துக்கான்’தான் அது. 1920 வரை அந்தப் பகுதியில் புழங்கிய பணமும் ரூபாய்தான். இவ்வளவு இருந்தும் நல்ல விளைநிலமான மேட்டுப் பகுதியில் இந்தியர்கள் நிலம் வாங்க முடியாது, அது வெள்ளையர்களுக்கு ஒதுக்கப்பட்டது. மேலே வெள்ளையர், கீழே ஆப்பிரிக்கர், நடுவில் இந்தியர் என்று காலனி அரசு அடுக்கி வைத்திருந்தது. நடு அடுக்கில் இருப்பவனுக்கு ஒரு சிக்கல் உண்டு. கீழே இருப்பவனுக்கு அவன்தான் தினமும் கண்ணில் படும் முதலாளி.

1960களின் தொடக்கத்தில் கென்யாவில் ‘ஏஷியன்கள்’ சுமார் 1,77,000 பேர். மக்கள்தொகையில் இரண்டு சதவீதம். நகரத்துக் கடைகளிலும் அலுவலகங்களிலும் பார்த்தால் அவர்கள்தான் அதிகம்.

1963 டிசம்பர் 12 அன்று கென்யா சுதந்திரம் அடைந்தது. கென்யாவில் பிறந்து, பெற்றோரில் ஒருவராவது அங்கேயே பிறந்திருந்தால் தானாகக் குடியுரிமை. மற்றவர்களுக்கு விண்ணப்பிக்க இரண்டு வருஷ அவகாசம். விண்ணப்பிக்காதவர்கள் ஏற்கெனவே இருந்தபடி, ‘ஐக்கிய இராச்சியம் மற்றும் காலனிகளின் குடிமக்கள்’ ஆகவே தொடர்வார்கள். 1948ஆம் ஆண்டு பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டம் கொடுத்த பட்டம் அது. லண்டனில் பிறந்தவருக்கும் அதே பட்டம்தான்.

இரண்டு வருஷத்தில் கென்யக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர்கள் சிறுபான்மையே. புது நாடு எப்படிப் போகும் என்று தெரியாத நிலையில், கையில் இருக்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை யார் விடுவார்கள்? அதைச் சந்தர்ப்பவாதம் என்று ஆப்பிரிக்கத் தலைவர்கள் சொன்னார்கள். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால் மூன்று தலைமுறையாக இன்னொருவன் போட்ட விதிகளுக்குள்ளேயே பிழைத்தவர்கள், கையில் ஒரு காப்பீடு இருக்கட்டும் என்று நினைத்தார்கள். நாம் அந்த இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

*

அந்தக் காப்பீடு வேலை செய்த விதம் ஒரு நிர்வாகச் சிடுக்கு. கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம், ஏனென்றால் எல்லாம் இதில்தான் இருக்கிறது.

1962இல் கன்சர்வேட்டிவ் அரசு காமன்வெல்த் குடியேற்றச் சட்டம் கொண்டுவந்தது. அதுவரை காமன்வெல்த்தில் யார் வேண்டுமானாலும் பிரிட்டனுக்குப் போகலாம். இந்தச் சட்டத்துக்குப் பிறகு பெரும்பாலோருக்கு அனுமதிச் சீட்டு தேவை. விலக்கு இரண்டு வகையினருக்கு: பிரிட்டனில் பிறந்தவர்கள், பிரிட்டன் அரசே வழங்கிய பாஸ்போர்ட் வைத்திருக்கும் குடிமக்கள். காலனி அரசு கொடுத்த பாஸ்போர்ட் இதில் சேராது.

ஆக, 1962இல் நைரோபியில் கவர்னர் அலுவலகம் கொடுத்த பாஸ்போர்ட்டுக்கு இந்த விலக்கு கிடையாது. ஆனால் 1963 டிசம்பருக்குப் பிறகு கவர்னர் அலுவலகமே இல்லை! பாஸ்போர்ட் வேண்டுமென்றால் பிரிட்டிஷ் ஹை கமிஷனுக்குப் போக வேண்டும். ஹை கமிஷன் தருவது பிரிட்டன் அரசின் பாஸ்போர்ட். அதே கடைக்காரர், அதே தெரு. வழங்கும் அலுவலகம் மாறியதால் அவர் கட்டுப்பாட்டுக்கு வெளியே போய்விட்டார். எப்போது வேண்டுமானாலும் லண்டனில் இறங்கலாம்.

இது தெரிந்தே கொடுத்த வாக்குறுதியா, யாரும் கவனிக்காமல் விட்ட ஓட்டையா என்பதில்தான் பின்னால் பெரிய சண்டை. கென்யச் சுதந்திரத்தைப் பேசி முடித்த அமைச்சர் டங்கன் சாண்டிஸ். அப்படி எந்த வாக்குறுதியும் கொடுக்கவில்லை என்று அவர் சாதித்தார். அவருக்கு முன்னால் காலனிகளின் அமைச்சராக இருந்தவர் இயான் மெக்லியோட். அதே கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர். வாக்குறுதி கொடுத்தோம், தெரிந்தேதான் கொடுத்தோம் என்று அவர் பத்திரிகையில் பகிரங்கமாக எழுதினார். ஒரே கட்சியின் இரண்டு முன்னாள் அமைச்சர்கள், ஒரே காகிதத்தைப் பற்றி இப்படி எதிரெதிராகப் பேசினார்கள்.

நிரல் எழுதுகிறவர்களுக்கு இந்தச் சண்டை நன்றாகவே தெரியும். ‘இது பக்-ஆ, ஃபீச்சரா?’ என்று மாதக்கணக்கில் வாதிடுவோம். ஆனால் எதுவாக இருந்தாலும், அதை நம்பி மக்கள் வாழ ஆரம்பித்துவிட்டால் அது வாக்குறுதிதான்.

*

1967இல் ஜோமோ கென்யாட்டாவின் அரசு இரண்டு சட்டங்கள் போட்டது. ஒன்று, குடிமக்கள் அல்லாதவர்கள் வேலை செய்யத் தனி அனுமதி வேண்டும். இரண்டு, குறிப்பிட்ட இடங்களிலும் குறிப்பிட்ட பொருள்களிலும் வியாபாரம் குடிமக்களுக்கு மட்டுமே. பல பத்தாண்டுகளாக வியாபாரத்திலும் நல்ல உத்தியோகத்திலும் இடம் மறுக்கப்பட்ட ஆப்பிரிக்கர்களுக்கு வழி திறக்க வேண்டும் என்பது அரசின் நோக்கம். நோக்கத்தில் தப்பில்லை. ஆனால் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு இருந்த கடைக்காரருக்கும் குமாஸ்தாவுக்கும் அதன் அர்த்தம், பிழைப்பு போச்சு என்பதுதான்.

கிளம்ப வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. எப்போது என்பதுதான் கேள்வி. பாஸ்போர்ட் இருக்கிறதே, என்ன அவசரம் என்று சில வீடுகளில் பேசியிருப்பார்கள். கடையை நல்ல விலைக்கு விற்க வேண்டும், பையன் பரீட்சை எழுத வேண்டும், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. கடைசி நாள் என்று ஒன்று அறிவிக்கப்படாதவரை இந்தக் காரணங்கள் எல்லாம் நியாயமானவை.

அதே நேரம் லண்டனில் டங்கன் சாண்டிஸ் இந்தக் கதவை மூட வேண்டும் என்று மேடை மேடையாகப் பேசிக்கொண்டிருந்தார். 1968 பிப்ரவரி 9 அன்று வால்சால் என்ற ஊரில் ஈனக் பவலும் அதையே பேசினார். ஏப்ரலில் பர்மிங்காமில் அவர் பேசிய பேச்சு உலகப் பிரசித்தம். வால்சால் பேச்சு அதற்கு இரண்டரை மாதம் முந்தையது.

அப்போது ஒரு சுழற்சி தொடங்கியது. சாண்டிஸும் பவலும் பேச, அந்தச் செய்தி நைரோபிக்கு வர, கதவு மூடப்போகிறது என்ற பயத்தில் ஆட்கள் விமானம் ஏறினார்கள். ஆட்கள் வந்து இறங்கும் படங்கள் லண்டன் பத்திரிகைகளில் வர, ‘வெள்ளம் போல் வருகிறார்கள், கதவை மூடு’ என்ற கூச்சல் கூடியது. கூச்சல் கூடியதால் இன்னும் அதிகம் பேர் ஏறினார்கள். வங்கி திவாலாகப்போகிறது என்ற வதந்தியில் எல்லோரும் ஒரே நாளில் பணம் எடுக்கப் போனால், நன்றாக இருந்த வங்கியும் அன்றைக்கே திவாலாகும் இல்லையா, அந்த மாதிரி. 1968இன் முதல் இரண்டு மாதங்களில் வந்தவர்கள் 12,000க்கு மேல். முந்தைய ஆண்டு முழுவதும் வந்தவர்களின் எண்ணிக்கையை அது கிட்டத்தட்ட எட்டிவிட்டது. நேரடி விமானத்தில் இடம் கிடைக்காதவர்கள் வேறு நாடுகள் வழியாகச் சுற்றிப் போனார்கள்.

பயந்தவர்கள் பயந்தது சரி. ஆனால் அவர்கள் பயந்து ஓடியதே, பயந்த விஷயம் சீக்கிரம் நடக்க ஒரு காரணமாயிற்று. இதற்கு ஓடியவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. வங்கி வாசலில் நிற்கும் ஆளிடம் ‘நீ போகாதே, போனால் வங்கி மூடிவிடும்’ என்று சொன்னால் அவர் கேட்பாரா? முதலில் போனவருக்குத்தானே பணம் கிடைக்கிறது.

*

இனி, ஆட்சியில் இருந்தவர்களைப் பார்க்கலாம். பிரதமர் ஹரால்டு வில்சன். 1962 சட்டத்தை அன்று கடுமையாக எதிர்த்த கட்சி இது. 1965இல் நாட்டின் முதல் இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்ததும் இதே அரசு. ஆனால் 1964 தேர்தலில் ஸ்மெத்விக் தொகுதியில், இனவெறுப்பைக் கிளறிய பிரச்சாரத்தில் அவர்களின் முக்கியத் தலைவர் பேட்ரிக் கார்டன் வாக்கர் தோற்றிருந்தார். அந்த அடி மறக்கவில்லை. 1967 நவம்பரில் பவுண்டின் மதிப்பைக் குறைக்க வேண்டி வந்தது. அதையொட்டி நிதி அமைச்சராக இருந்த ஜேம்ஸ் கேலகன் உள்துறைக்கு வந்தார். அதுவரை உள்துறையில் இருந்த தாராளவாதி ராய் ஜென்கின்ஸ் நிதிக்குப் போனார். நைரோபியில் இருந்தவர்களின் தலையெழுத்து இந்த நாற்காலி மாற்றத்திலும் கொஞ்சம் இருந்தது.

கேலகன் அவசரச் சட்டம் வேண்டும் என்றார். முப்பது வருஷ விதிப்படி பின்னால் வெளியான அமைச்சரவை ஆவணங்களில், காமன்வெல்த் அமைச்சர் ஜார்ஜ் தாம்சனின் எதிர்ப்பு பதிவாகியிருக்கிறது. இது கொள்கையளவிலேயே தவறு, தோலின் நிறத்தைப் பார்த்துச் செய்யும் பாகுபாடு, நாம் எதற்காக நிற்கிறோமோ அதற்கே விரோதம் என்பது அவர் வாதம். எதிர்க்கட்சி சொன்னதல்ல, அதே மேசையில் உட்கார்ந்திருந்த அமைச்சர் சொன்னது. சட்டம் வந்தது. தாம்சன் பதவியில் தொடர்ந்தார்.

பிப்ரவரி 22, வியாழக்கிழமை: சட்டம் வரப்போகிறது என்று கேலகன் அறிவித்தார். பிப்ரவரி 27, செவ்வாய்: மக்களவையில் விவாதம். 372 பேர் ஆதரவு, 62 பேர் எதிர்ப்பு. அந்த 62இல் லிபரல்கள், தொழிற்கட்சியின் சில இடதுசாரிகள், கன்சர்வேட்டிவ் கட்சியிலிருந்து மெக்லியோடு போல ஒரு சிலர். பிறகு பிரபுக்கள் சபை. கேன்டர்பரி பேராயர் மைக்கேல் ராம்சே எதிர்த்துப் பேசினார். ராத்திரி முழுக்க விவாதம் நடந்தது, 109க்கு 85 என்று நிறைவேறியது. மார்ச் 1, வெள்ளிக்கிழமை, அரசியின் ஒப்புதல். நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளையும் தாண்ட மூன்றே நாள் போதுமாயிருந்தது.

சட்டத்தில் எங்கேயும் ‘இந்தியன்’ என்றோ ‘கறுப்பர்’ என்றோ ஒரு சொல் கிடையாது. பாஸ்போர்ட் வைத்திருப்பவரோ, அவருடைய பெற்றோர் அல்லது தாத்தா பாட்டியில் ஒருவரோ, பிரிட்டனில் பிறந்தோ குடியுரிமை பெற்றோ இருக்க வேண்டும் என்று மட்டும் இருந்தது. அவ்வளவுதான். கென்யாவில் இருந்த வெள்ளைக்கார விவசாயிக்குப் பெரும்பாலும் அப்படி ஒரு தாத்தா இருந்தார். மொம்பாசாவில் தண்டவாளம் போட்ட பஞ்சாபியின் பேரனுக்கு இல்லை. யாரை வடிகட்டுவது என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு ஏற்ற நிபந்தனையைத் தேடிப்பிடித்தால் இப்படித்தான் இருக்கும். படிக்கும்போது நடுநிலையாகத் தெரியும், ஓட்டிப் பார்த்தால்தான் யாரை வெளியே தள்ளுகிறது என்பது புரியும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நைரோபியில் இருந்த அந்தக் குடிமக்களுக்கு வெஸ்ட்மின்ஸ்டரில் ஓட்டு இல்லை. தங்கள் பாஸ்போர்ட்டின் மதிப்பைத் தீர்மானித்த 372 பேரில் ஒருவருக்குக்கூட அவர்கள் பயப்பட வேண்டிய வாக்காளர்கள் இல்லை. வால்சாலில் இருந்தவருக்கு ஓட்டு இருந்தது. கட்சிகள் யார் பேச்சைக் கேட்கும் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

*

மார்ச் 1க்குப் பிறகு என்ன ஆயிற்று?

வருஷத்துக்கு 1,500 குடும்பத் தலைவர்களுக்கு அனுமதிச் சீட்டு என்று அரசு ஒரு வரிசை வைத்தது. பின்னால் எண்ணிக்கையைக் கூட்டினாலும், பலர் வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். சீட்டு இல்லாமல் லண்டனில் இறங்கியவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கென்யா அவர்களை ஏற்க மறுக்க, ஒரு விமான நிலையத்திலிருந்து இன்னொரு விமான நிலையத்துக்கு இறகுப்பந்து மாதிரி அடிக்கப்பட்டவர்கள் உண்டு. ‘நம்ம ஊர்க்காரங்கதானே’ என்று இந்தியா வாசலைத் திறந்துவிடவும் இல்லை. இவர்கள் பிரிட்டனின் பொறுப்பு, பிரிட்டன் கைகழுவ நாம் இடம் கொடுக்கக்கூடாது என்பது டெல்லியின் வாதம். கென்யாவிலிருந்து வரும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்களுக்கு இந்தியாவும் விசா கேட்டது. மூன்று நாடுகளுக்கும் தங்கள் தங்கள் நியாயம் இருந்தது. நடுவில் ஒரு குடும்பம் பெட்டியோடு நின்றது.

அவர்களில் சிலர் ஐரோப்பிய மனித உரிமை ஆணையத்துக்குப் போனார்கள். 1973 டிசம்பரில் ஆணையம் தன் அறிக்கையை முடித்தது. ஒரு குழுவை இனத்தின் அடிப்படையில் பகிரங்கமாகத் தாழ்த்தி நடத்துவது, இழிவுபடுத்தும் நடத்தை ஆகலாம் என்று அது சொன்னது. சித்திரவதையைத் தடைசெய்யும் அதே விதியின் கீழ் வரும் குற்றம். ஆனால் அந்த அறிக்கை இருபது வருஷம் வெளியிடப்படாமலே கிடந்தது. 1994இல்தான் வெளியே வந்தது. ஒருவர் தன் சொந்த நாட்டுக்குள் நுழைவதைத் தடுக்கக்கூடாது என்று சொல்லும் ஐரோப்பிய ஒப்பந்தத்தின் நான்காம் நெறிமுறையில் பிரிட்டன் 1963இல் கையெழுத்து மட்டும் போட்டது. அதை ஏற்று உறுதிசெய்யவே இல்லை.

1981 குடியுரிமைச் சட்டம் மிச்சம் இருந்தவர்களுக்கு ‘பிரிட்டிஷ் கடல்கடந்த குடிமகன்’ என்று ஒரு பட்டம் கொடுத்தது. குடிமகன்தான், ஆனால் பிரிட்டனில் வசிக்கும் உரிமை கிடையாது. தண்ணீர் வராத குழாய் இணைப்பு மாதிரி. 2002இல், இன்னொரு தொழிற்கட்சி அரசில் டேவிட் பிளங்கெட் உள்துறை அமைச்சராக இருந்தபோதுதான், வேறு எந்தக் குடியுரிமையும் இல்லாத இப்படிப்பட்டவர்கள் முழு பிரிட்டிஷ் குடிமக்களாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. மூன்று நாளில் செய்ததைச் சரிசெய்ய முப்பத்து நான்கு வருஷம்.

இந்தக் கதையில் என்னைத் தூங்கவிடாமல் செய்த விஷயம் ஒன்று. 1968 பிப்ரவரியில் யார் பிரிட்டனை நம்பவில்லையோ, அவர்கள் உள்ளே போய்விட்டார்கள். கடையை அடிமாட்டு விலைக்கு விற்றவர்கள், பரீட்சையைப் பாதியில் விட்டவர்கள், வதந்தியைக் கேட்டு ஓடியவர்கள். யார் அந்தப் பாஸ்போர்ட்டில் எழுதியிருந்ததை அப்படியே நம்பி, நிதானமாகக் கணக்கு முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்தார்களோ, அவர்கள்தான் வெளியே நின்றார்கள். அரசின் வார்த்தையை மதித்தவர்களுக்குத் தண்டனை, சந்தேகப்பட்டவர்களுக்குப் பரிசு. ஒரு நாடு தன் குடிமக்களுக்குச் சொல்லிக்கொடுக்கக்கூடிய பாடங்களில் இதைவிட மோசமானது இருக்கிறதா என்று தெரியவில்லை.

ஒரு பின்கதை. 2022இலும் 2023இலும் பிரிட்டனின் உள்துறை அமைச்சராக இருந்தவர் சுவெல்லா பிரேவர்மன், குடியேற்றத்தைக் குறைக்க வேண்டும் என்று மிகக் கடுமையாகப் பேசியவர். அவருடைய தாய் மொரீஷியஸில் இருந்து வந்த தமிழ் வம்சாவளிப் பெண். தந்தை கென்யாவில் இருந்த கோவா வம்சாவளிக்காரர். தந்தை கையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு ஹீத்ரோவில் வந்திறங்கியது 1968 பிப்ரவரியில் என்று அவரே சொல்லியிருக்கிறார். இன்னும் சில வாரம் தள்ளிப்போயிருந்தால்? கேலகன் உட்கார்ந்து கதவை மூடிய அதே நாற்காலியில், அந்த இடுக்கு வழியாக நுழைந்தவரின் மகள் உட்கார்ந்தார். இதை நையாண்டியாகச் சொல்லவில்லை. கடைசி வண்டியில் தொற்றிக்கொண்டவர்களுக்குப் பின்னால் கதவு மூடுவது நியாயமாகத் தெரிவது மனித இயல்புதான். நம் ஊர் பஸ்ஸில் தினமும் பார்க்கிறோமே.

*

சரி, நண்பனின் கேள்விக்கு வருகிறேன். இவ்வளவு படித்தும் அவனிடம் ‘பயப்படு’ என்று மட்டும் சொல்ல மனம் வரவில்லை. தேடினேன். இன்னொரு கதையும் கிடைத்தது, அது நம் காலத்துக்குக் கிட்டத்தில் இருக்கிறது.

2002இல் பிரிட்டன் அதிதிறன் குடியேறிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. மதிப்பெண் அடிப்படையில் தேர்வு, வந்து இருந்தால் நான்கு வருஷத்தில் நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம். இந்தியாவிலிருந்து நிறையப் பேர் வேலையை விட்டு, வீட்டை விற்றுப் போனார்கள். 2006 ஏப்ரலில் நான்கு வருஷம் ஐந்தாயிற்று. நவம்பரில் விசா நீட்டிப்பதற்கான நிபந்தனைகளும் மாறின. ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களுக்கும் சேர்த்துத்தான். அப்போதும் ஆட்சியில் தொழிற்கட்சி!

இந்த முறை அவர்கள் ஓடவில்லை. ஓடுவதற்கு இடமும் இல்லை, ஏற்கெனவே உள்ளேதான் இருந்தார்கள். ஒரு மன்றம் அமைத்தார்கள், ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டார்கள், வழக்குத் தொடுத்தார்கள். 2008 ஏப்ரலில் லண்டன் உயர் நீதிமன்றம், புது நிபந்தனைகளைப் பழையவர்கள் மேல் திணித்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. அடுத்த வருஷம் நான்கு–ஐந்து பிரச்சினையிலும் அவர்கள் பக்கமே தீர்ப்பு. அரசு சொன்னதை நம்பித் தன் வாழ்க்கையை மாற்றிக்கொண்டவருக்கு ஒரு நியாயமான எதிர்பார்ப்பு உண்டு, அதை அரசு சும்மா உடைக்க முடியாது என்பதுதான் சாரம். இன்று என் நண்பன் எந்த ‘ஐந்து வருஷத்தை’ வாக்குறுதி என்று பிடித்துக்கொண்டிருக்கிறானோ, அதுவே ஒரு காலத்தில் இன்னொருவருக்கு வாக்கு மீறலாக வந்ததுதான்.

1968க்கும் 2008க்கும் என்ன வித்தியாசம்? 2006இல் மாற்றப்பட்டது உள்துறை எழுதும் விதி. விதி சரியா என்று நீதிமன்றம் கேட்கலாம். 1968இல் வந்தது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். பிரிட்டனில் நாடாளுமன்றத்துக்கு மேல் நிற்கும் எழுதப்பட்ட அரசியலமைப்பு கிடையாது. நாடாளுமன்றம் போட்ட சட்டத்தை அங்குள்ள நீதிபதி ரத்து செய்ய முடியாது. நம் உச்ச நீதிமன்றம் செய்வது போன்ற வேலை அங்கே நடக்காது. ஆகவே பிரிட்டனில் வாழும் வெளிநாட்டவர், செய்தியில் ‘விதி மாறுகிறது’ என்று வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, மாறுவது விதியா, சட்டமா என்பதுதான். விதி என்றால் கேள்வி கேட்க ஓர் இடம் இருக்கிறது. சட்டம் என்றால் மிச்சம் இருப்பது அரசியல் மட்டுமே. அதற்குக் குரலும் ஓட்டும் வேண்டும்.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனிடம் ஒரு மணி நேரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

“அப்ப நைரோபிகாரங்களுக்கு இல்லாத ஒண்ணு எங்கிட்ட இருக்குங்கிற.”

“என்னது?”

“ஓட்டுடா. அவங்க சிட்டிசன், ஓட்டு இல்ல. நான் சிட்டிசன் இல்ல, ஓட்டு இருக்கு.”

எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. ஆமாம் என்றேன். தன் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதப்போவதாகச் சொன்னான். கூட வேலை செய்யும் நாலைந்து பேரையும் எழுதச் சொல்லுவானாம். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

“கனடாவுக்கும் ஒரு அப்ளிகேஷன் போட்டு வைக்கலாமான்னு வீட்ல கேக்குறா” என்றான்.

போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. 1968 ஜனவரியில் நைரோபியில் யாராவது என்னிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். போனில் அவன் மகள் எதற்கோ அப்பா என்று கூப்பிட்டாள். அப்புறம் பேசுறேன் என்று வைத்துவிட்டான்.